நான்கு அட்டைகள், இரண்டே வலி மருந்துகள்

கடிதம் எழுதியவர் 54 வயது வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

இளம் வயதிலிருந்தே அவருக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறை ஒற்றைத் தலைவலி வரும். சில ஆண்டுகளாக முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை ஒன்றைத் தினமும் சாப்பிடுகிறார். உடல் எடை 46 கிலோ. கடந்த ஓராண்டாகத் தலைவலி ஏறக்குறைய தினசரி விருந்தாளியாகிவிட்டது. மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் வலி மாத்திரைகளைத்தான் நம்பியிருக்கிறார். தலைவலிக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, சளி பிடித்தால் ஒன்று, வயிறு ஒத்துழைக்காத நாளில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரை மாத்திரை ஒன்று என நான்கு வகை. “எதையும் நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் தொட்டதில்லை. சாப்பிட்ட பிறகே போடுகிறேன். கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன்” என்கிறார். சமீபத்தில் ரத்த அழுத்தம் 150/94 என்று ஏறியதால் மருத்துவர் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிவிட்டாராம். தலைவலிக்குக் காரணம் அந்தக் கொதிப்புதானோ என்றும் சந்தேகம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த கணவருக்கு முதுகு வலித்தால் தன்னுடைய முழங்கால் மாத்திரையிலேயே ஒன்றைக் கொடுக்கிறார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “பாதுகாப்பாக ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடலாம், டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நன்றி. நான்கு அட்டைகளின் பின்பக்கத்தையும் படித்து, என்னென்ன எத்தனை மில்லிகிராம் என்று அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அதைச் செய்ததால்தான் என்னால் ஊகத்தில் பேசாமல் கணக்கோடு பேச முடிகிறது.

உங்கள் கேள்விக்கு நேரடியாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக முடியாததற்குக் காரணமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மாத்திரையை எண்ணினால் விடை கிடைக்காது. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தை எண்ண வேண்டும். உங்களுக்குச் சளி பிடித்திருந்ததாக எழுதிய நான்கு நாட்களில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியபடியே கூட்டுகிறேன்.

தலைவலி மாத்திரை இரண்டு. ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 650. ஆக 1,300 மில்லிகிராம். முழங்கால் மாத்திரை இரண்டு. ஒவ்வொன்றிலும் இபுப்ரோஃபென் 400, பாரசிட்டமால் 325. ஆக பாரசிட்டமால் 650, இபுப்ரோஃபென் 800. சளி மாத்திரை மூன்று. ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 500. ஆக 1,500. நுரை மாத்திரை இரண்டு. அதுவும் பாரசிட்டமால் 500. ஆக 1,000. கூட்டினால் பாரசிட்டமால் மட்டும் 4,450 மில்லிகிராம்.

நல்ல உடல்நிலையும் எடையும் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. நீங்கள் எதையும் மூன்றுக்கு மேல் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் நான்கு பெயர்களில் வந்தது ஒரே மருந்து. கல்லீரலுக்கு அட்டையின் நிறமும் தெரியாது, பெயரும் தெரியாது; மொத்தம் எவ்வளவு வந்தது என்பது மட்டுமே தெரியும்.

சளி இல்லாத சாதாரண நாட்களில் உங்கள் பாரசிட்டமால் 1,950 மில்லிகிராம். அது வரம்புக்குள்தான், பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் எனக்குக் கவலை தருவது வேறு மருந்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாரசிட்டமால்: உங்கள் உடலுக்கு எவ்வளவு?

பொதுவான அளவு இது: ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, நாள் முழுவதும் சேர்த்து 4,000-ஐத் தாண்டக் கூடாது. இந்த எண் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடையை வைத்துக் கணக்கிடுவதே சரி: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளைக்கு அதிகபட்சம் நான்கு வேளை. உங்கள் 46 கிலோவுக்கு அது ஒரு வேளைக்கு 690; நாளைக்கு 2,760. ஆகவே 650 மாத்திரை என்றாலும் 500 மாத்திரை என்றாலும் வேளைக்கு ஒன்று, நாளைக்கு நான்கு. அவ்வளவுதான், அதுவும் வேறு எதிலும் பாரசிட்டமால் இல்லாதபோது. தொடர்ந்து பல நாட்கள் தேவைப்பட்டால் உங்கள் எடையில் நான் 2,000-த்தோடு நிறுத்திவிடுவேன். மது அருந்துபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருப்பவர்கள் ஆகியோருக்கும் வரம்பு இதேபோல் கீழே இறங்கும்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் எந்தச் சிரமமும் இல்லாமல் கரைத்து வெளியே அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் வேறு வழியில் போய் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதைச் செயலிழக்க வைக்கக் கல்லீரலில் குளுட்டாதயோன் என்ற பொருள் கையிருப்பில் இருக்கிறது. சரியான அளவில் மருந்து வந்தால் இந்தக் கையிருப்பு போதும். அளவு கூடக்கூட நச்சு கூடுகிறது, கையிருப்பு தீர்கிறது; அதன் பிறகு நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. மெலிந்தவர்களுக்கும் பட்டினி கிடப்பவர்களுக்கும் அந்தக் கையிருப்பே குறைவு.

இதில் என்னை எப்போதும் பயமுறுத்துவது அதன் மௌனம். அளவு மிஞ்சிய முதல் 24 மணி நேரத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் சோர்வு; சளியால் வந்தது என்று நினைத்துக்கொள்வோம். கல்லீரல் பாதிப்பு மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். மொத்தமாக விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் அந்த எட்டு மணி நேரம் போய்விடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்குப் பாரசிட்டமால் முதன்மையான காரணமாக இருந்துவருகிறது. அந்த நோயாளிகளில் எல்லோரும் உயிரை மாய்த்துக்கொள்ள விழுங்கியவர்கள் அல்லர். பல்வலிக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு மூன்று பெயர்களில் சேர்த்துப் போட்டவர்களும் அதில் உண்டு. பிரிட்டன் 1998-இல் ஒரே பெட்டியில் விற்கும் மாத்திரைகளின் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டது. “சீட்டு இல்லாமலே தருகிறார்கள் என்றால் ஆபத்தில்லாத மருந்துதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டு இல்லாமல் தருவதன் பொருள், உறையில் எழுதிய அளவிலும் நாட்களிலும் பெரும்பாலானோர் தாமாகவே பயன்படுத்தலாம் என்பது மட்டுமே.

இப்போது உங்கள் 4,450-க்கு வருவோம். உங்கள் எடைக்கு அது கிலோவுக்கு ஏறத்தாழ 97 மில்லிகிராம். ஒரு நாளில் கிலோவுக்கு 75-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் பரிசோதிக்க நினைப்பார்கள். சளி விட்டு மூன்று வாரமாகிவிட்டது, மஞ்சள் காமாலையோ வாந்தியோ இல்லை என்கிறீர்கள். அதனால் இன்று இரவே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. இந்த வாரத்துக்குள் கல்லீரல் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. இனி எப்போதாவது கை தவறி ஒரே நாளில் இப்படி ஏறிவிட்டால், அன்றே அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், உடம்பு நன்றாக இருந்தாலும் சரி.

நுரை மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நுரைக்க வைப்பது அதிலுள்ள சோடியம் உப்பு. பல தயாரிப்புகளில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பெரியவர் ஒருவர் நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பைக் குறைத்துச் சாப்பிடுவதாகப் பெருமையோடு எழுதியிருக்கும் நீங்கள், இரண்டு நுரை மாத்திரையில் அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் குடித்துவிடுகிறீர்கள். உங்கள் சளி மாத்திரையிலும் மூக்கடைப்புக்கான பினைலெஃப்ரின் சேர்ந்திருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாத பொருள் அது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இபுப்ரோஃபென்: அளவுக்குள் இருந்தும் ஆபத்து

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்தப் பகுதி. சீட்டில்லாமல் எடுக்கும்போது இபுப்ரோஃபென் ஒரு வேளைக்கு 200 முதல் 400, நாளைக்கு அதிகபட்சம் 1,200 மில்லிகிராம். நீங்கள் 800. அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழி இங்கே உதவாது. நீங்கள் அளவை மிஞ்சவே இல்லை. ஆனாலும் உங்களுக்கு அந்த மருந்து வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம், நீங்கள் அதோடு சேர்த்துச் சாப்பிடும் கொதிப்பு மாத்திரை.

இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. பிரிட்டன் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-இல் இதைக் கண்டறிந்து சொன்னார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது இந்தப் பொருள்தான். சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உள்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைப்பதும் இதே பொருள்தான். வலியை மட்டும் தேர்ந்தெடுத்து அணைக்க இந்த மாத்திரைகளுக்குத் தெரியாது.

சிறுநீரகத்தின் வடிகட்டி ஒவ்வொன்றிலும் ரத்தம் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அழுத்தத்தில்தான் சிறுநீர் வடிகிறது. டெல்மிசார்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடலிலிருந்து உப்பையும் நீரையும் இறக்கிவிடுகிறது. இவை இரண்டும் நல்ல மருந்துகள், உங்களுக்குத் தேவையானவை. மூன்றாவதாக இபுப்ரோஃபென் வந்து உள்ளே வரும் குழாயையும் சுருக்கிவிட்டால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது. இந்த மூன்றும் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடலில் நீர் வற்றிய நாளில் இந்த ஆபத்து பல மடங்கு.

அடுத்தது உங்கள் 150/94. இந்தக் குடும்ப மருந்துகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். கொதிப்பு மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். உங்கள் மருத்துவர் வீரியத்தைக் கூட்டியதில் தவறில்லை. அவரிடம் நீங்கள் வலி மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவில்லை. “அது மருந்தில் சேருமா என்ன, வலி மாத்திரைதானே” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. நான் நோயாளிகளிடம் எப்போதும் இரண்டு முறை கேட்பேன். “வேறு மாத்திரை ஏதாவது?” “இல்லை டாக்டர்.” “சரி, தலைவலி வந்தால்?” “ஓ, அதுவா…” என்று ஒரு பட்டியல் வரும். கேள்வியை மாற்றிக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கே சில ஆண்டுகள் ஆயின.

சாப்பிட்ட பிறகு போடுவதும், அமிலம் குறைக்கும் மாத்திரை சேர்ப்பதும் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ஓமெப்ரசோல் போன்றவை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் உண்மையிலேயே காக்கின்றன. அதற்குக் கீழே உள்ள குடலையோ, சிறுநீரகத்தையோ, இதயத்தையோ அவை காப்பதில்லை. வெறும் வயிற்றில் போடாததால் எரிச்சல் குறையலாம், புண் வராது என்று சொல்ல முடியாது. மாத்திரை இரைப்பையில் பட்டு மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்த மருந்தும் அந்தப் பாதுகாப்பைக் குலைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் வயிற்றுப்புண் வருவது அதனால்தான்.

இதயமும் இதில் அடங்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்ஸிப் என்ற மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. 2015-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆஸ்பிரின் தவிர்த்த மற்ற உறவுக்கார மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. அளவும் நாட்களும் கூடினால் ஆபத்தும் கூடும். கொதிப்பு இல்லாத, சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவர் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு மூன்று நாள் இபுப்ரோஃபென் போட்டால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது நல்ல மருந்து. நீங்கள் ஓராண்டாகப் போடுகிறீர்கள். பல நாடுகளில் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்: மருத்துவரைக் கேட்காமல் வலிக்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டாம், காய்ச்சலுக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். எழுத்து பொடியாக இருக்கும், அதுதான் தொல்லை.

தலைவலியைத் தருவது எது?

கொதிப்பால் தலைவலி வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. 150/94 போன்ற அழுத்தம் பொதுவாகத் தலைவலி தராது. மிகக் கடுமையாக ஏறினால்தான் தரும். உங்கள் கடிதத்தில் வேறொரு வரி எனக்குப் பதில் சொல்லிவிட்டது: “மாதத்தில் 24, 25 நாள் ஏதாவது ஒன்று போடாமல் இருந்ததில்லை.”

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற எளிய வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கும் அதிகமாக எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யும். கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். மருந்து மிகைத் தலைவலி என்று இதைச் சொல்லலாம். காலையில் கண் விழிக்கும்போதே வலி இருக்கும். மாத்திரை போட்டால் சில மணி நேரம் அடங்கும். மீண்டும் எழும். வலி கூடுகிறதே என்று மாத்திரையைக் கூட்டுவோம். முழங்காலுக்காகப் போட்டதும் இந்த நாள் கணக்கில் சேரும். உங்கள் மூளைக்கு மாத்திரை எந்த உறுப்புக்காகப் போடப்பட்டது என்று தெரியாது.

பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரசிட்டமால் கடைகளுக்கு வருவதற்கு முன்னால் பினாசிட்டின் என்ற மருந்து இருந்தது. 1887-இல் வந்தது. அதைக் காஃபீனோடும் வேறு வலி மருந்தோடும் கலந்து பொடியாகவும் மாத்திரையாகவும் விற்றார்கள். வேலைக்கு நடுவே அலுப்புப் போக்க அதைத் தினமும் போட்டவர்கள் ஏராளம். நிறுத்தினால் தலை வலித்தது, அதனால் மீண்டும் போட்டார்கள். 1950-களில் அவர்களுடைய சிறுநீரகங்கள் கெட்டிருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஒவ்வொரு நாடாக அதை நிறுத்தி, அமெரிக்கா 1983-இல் விலக்கியது. வேடிக்கை என்னவென்றால், பினாசிட்டின் உடலுக்குள் போய்ப் பெரும்பாலும் பாரசிட்டமாலாகத்தான் மாறுகிறது.

விடுபடும் வழி நிறுத்துவதுதான். பாரசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் ஒரே நாளில் நிறுத்தலாம், ஆபத்தில்லை. (கோடீன் போன்றவை என்றால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக.) பொய் சொல்ல மாட்டேன்: முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை வலி இப்போதையதைவிட மோசமாக இருக்கும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, பெரிய வேலைகள் இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் மருந்துகள் தனியாக இருக்கின்றன. அவற்றைத் தொடங்கிவிட்டு நிறுத்துவதா, நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குவதா என்பதை உங்கள் மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு வலி மாத்திரை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. 50 வயதைக் கடந்தவர்களுக்கு இதுவரை இல்லாத புதுவகைத் தலைவலி வந்து, தலை சீவும்போது தோல் வலித்தால், மெல்லும்போது தாடை வலித்தால், பார்வை மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலியும், கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்த தலைவலியும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியவை.

முழங்காலுக்கு என்ன செய்வது?

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி நடப்பேன் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முழங்கால் தேய்மானத்தில் பாரசிட்டமாலின் பலன் மிகச் சிறிது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக அதைத் தினமும் போட வேண்டிய கட்டாயமே இல்லை. டைக்ளோஃபினாக் ஜெல் நல்ல மாற்று. மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தோல் வழியாகச் சேர்கிறது. உறையில் உள்ள அளவில் தடவி, கையைக் கழுவிவிடுங்கள். மேலே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வெடிப்பு, புண் உள்ள தோலில் வேண்டாம். கீழே சொல்லும் சிறுநீரகப் பரிசோதனையின் முடிவு வந்த பிறகு தொடங்குங்கள்.

மூட்டைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது வலுத்தால் வலி குறையும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். நோயாளிகள் இதைக் கேட்டதும் ஏமாற்றமடைகிறார்கள், மாத்திரையை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஆறு வாரம் விடாமல் செய்தவர்கள் யாரும் என்னிடம் ஏமாற்றமாகப் பேசியதில்லை.

கணவருக்கு வேண்டாம்

அவர் ஸ்டென்ட்டுக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை இபுப்ரோஃபென் முந்திக்கொண்டு அடைத்துவிடும். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காக்க வந்த மருந்து ஒட்ட இடமில்லாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு அதிகம். முதுகு வலிக்கு அவருக்குத் தனிப் பாரசிட்டமால் போதும், கல்லீரல் நன்றாக இருந்தால். எந்த வலி வந்தாலும் ஆஸ்பிரினை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

உங்கள் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது பற்றி உபதேசம் செய்ய மாட்டேன். எல்லா வீட்டிலும் நடக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் நிச்சயமாக வேண்டாம். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் கூடாது. கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. டெங்கு என்று சந்தேகம் உள்ள காய்ச்சலில் யாருக்குமே இவை கூடாது, பாரசிட்டமால் மட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஒன்று: முழங்கால் மாத்திரை, சளி மாத்திரை, நுரை மாத்திரை மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். பாரசிட்டமால் மட்டுமே உள்ள ஓர் அட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தலைவலிக்கான அந்த இரண்டு வார விடுப்பைத் தொடங்கும் வரை. மருந்துக்கடையில் எந்த மாத்திரை வாங்கினாலும் “இதில் பாரசிட்டமால் இருக்கிறதா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது மருந்தாளுநரின் கடமை. சில அட்டைகளில் பாரசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு: ரத்தப் பரிசோதனை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, ஹீமோகுளோபின். இந்த நான்கும் போதும். ஓராண்டாக இபுப்ரோஃபென் எடுத்தவருக்குத் தெரியாமலே ரத்தம் கசிந்து சோகை வந்திருக்கலாம் என்பதால் கடைசியையும் சேர்த்தேன்.

மூன்று: ரத்த அழுத்தத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளந்து எழுதுங்கள். இபுப்ரோஃபெனை நிறுத்தியதும் அது இறங்கக்கூடும். வீரியம் கூட்டிய மாத்திரை அப்போது அதிகமாகிவிடலாம். எழும்போது தலை சுற்றினால் அதுதான் பொருள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரிடம் அளவுகளைக் காட்டுங்கள், அவர் குறைப்பார்.

கருநிறத்தில் மலம், காப்பித் தூள் போன்ற வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், திடீரெனக் கால் வீக்கம், கண்ணில் மஞ்சள், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் இந்தப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவமனை.

எனக்கு எழுதிய அந்த மூன்றாம் பக்கம், அட்டைகளின் பெயரும் மில்லிகிராமும் உள்ள பக்கம், அதை அப்படியே நகலெடுத்து உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். கொதிப்பு மாத்திரையின் வீரியத்தைக் கூட்டும் முன் அவர் பார்த்திருக்க வேண்டிய தாள் அது.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்